இடம் வருதல்

எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர்தான்.
ஜூரோங் சோதனைக்கூடத்தில் பதினோரு ஆண்டுகள்
குழாய்நீரையும் ஏரிநீரையும் குப்பிகளில் பிடித்து
குளோரைடு இவ்வளவு, கலங்கல் இவ்வளவு என்று எழுதி
கடைசிக் கட்டத்தில் ஒரு சொல் போடுவேன்:
தகும்.

என்னைப் பற்றி அப்படி ஒரு சொல்
எங்கும் எழுதிக் கிடைக்கவில்லை.
ஈசூன் கோயிலில் வெள்ளிதோறும் வலம் வந்தேன்,
மூன்று, ஒன்பது, ஒருமுறை நூற்றெட்டு.
கால் வலித்தது. அது மட்டும் உண்மை.

ஓர்லா ஒப்பந்தத்தில் வந்தவள்.
அயர்லாந்தில், பாய்ன் ஆற்றங்கரையில் பிறந்தவள்.
சீனி போடாத கோப்பியை முகம் சுளிக்காமல் குடிப்பாள்.
மழை கூரையை அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம்
தன் ஆறு பிறந்த விதத்தைச் சொன்னாள்,
பழுதுபார்ப்பு அறிக்கை வாசிக்கும் அதே குரலில்.

ஒரு கிணறு.
சுற்றி ஒன்பது ஹேசல் மரங்கள்.
கொட்டை விழும், மீன் தின்னும்,
மீனின் விலாவில் ஒரு புள்ளி கூடும்,
புள்ளிக்குப் புள்ளி ஞானம்.
நால்வரைத் தவிர யாரும் அண்டக்கூடாது.
ஒருத்தி போனாள்.
சூரியன் போகும் போக்குக்கு எதிராக, இடமாக,
மூன்று சுற்று.
கிணறு எழுந்தது.
ஒரு கண்ணை, ஒரு கையை, ஒரு தொடையைக் கொண்டுபோனது.
அவள் ஓடினாள்,
ஓடிய வழியெல்லாம் ஆறு.

"கடல்வரைக்கும் ஓடியிருக்கிறாள்,
பள்ளியில் அதைத் தண்டனை என்றார்கள்," என்று சொல்லி
தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் எழுந்திருக்கவில்லை.
வலம் என்றே பழகிய காலுக்கு
இடம் என்பது இத்தனை நாள்
வெறும் முகவரியாக இருந்திருக்கிறது.

இந்தத் தீவில் கிணற்றுக்கு எங்கே போவது?
யாரும் திறக்காமல் மேலே வரும் தண்ணீர்
நான் அறிந்து ஒன்றுதான்.
ஞாயிறு காலை ஏழு மணிக்குச்
செம்பவாங் வெந்நீரூற்றுக்குப் போனேன்.

அங்கே முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார்கள்.

வாளி வாளியாக முட்டை.
கோழிமுட்டை, காடைமுட்டை,
இடையில் யாரோ ஒரு சோளம்.
ஒன்பது மரம் எண்ணினேன், தேறவில்லை.
ஒரே ஒரு வாதுமை, வேலிக்கு அப்பால்,
தன் காயை சிமெண்டில் போட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு இடமாக நடந்தேன்.
முதல் சுற்றில், முழங்கால்வரை சிவந்த ஓர் அங்கிள்
"வரிசை அந்தப் பக்கம் லா" என்றார்.
இரண்டாவதில், கேட்க வந்ததைத் தேடினேன்.
அகப்பட்டது ஒரு தாள்தான்:
பிரசவ வார்டில் கையெழுத்துப் போட்டது,
பெயர் என்ற கட்டத்தில் நான் கோடு இழுத்தது.
இத்தனை வெள்ளிக்கிழமைகளும்
அந்தக் கோட்டைத்தான் சுற்றியிருக்கிறேன் போல.

மூன்றாவதில் பாதி.
ஒரு பையனின் வாளி சாய்ந்தது,
குனிந்து பிடித்தேன்,
கட்டைவிரல் வெந்துபோனது.
யோசிக்காமல் வாயில் வைத்தேன்.
மீனைச் சுட்டபோது விரல் சுட்டு,
அதைச் சப்பி எல்லாம் அறிந்த சிறுவனை
ஓர்லா எனக்குச் சொன்னது அடுத்த புதன்கிழமை.
அன்று எனக்குத் தெரிந்தது
கந்தகம், மஞ்சள் கரு, கொஞ்சம் சோப்பு.

கிணறு எழவில்லை.
இரண்டு கண்ணும் இருந்த இடத்தில் இருந்தன.
பையன் உடையாத முட்டை ஒன்றை நீட்டினான்,
"ஆன்ட்டி, இது உங்களுக்கு."
நின்றபடியே தின்றேன், உப்பில்லாமல்,
மூக்கு ஒழுக.

திங்கள் மாலை, எல்லோரும் போன பிறகு,
கொண்டுவந்த குப்பியைச் சோதித்தேன்.
குளோரைடு அதிகம். தகாது.
அடித்துவிட்டு மறுபடி பார்த்தேன், அதேதான்.

மாதிரியின் பெயர் என்ற கட்டத்தில்
இந்த முறை கோடு இழுக்கவில்லை.
நான்கு எழுத்து.
அதை இங்கே எழுதமாட்டேன்.

அரைச்சுற்று பாக்கி இருக்கிறது.